வேலையைப் பறிக்கும் அச்சம்

(வெளியூர்களில் கணினிப் பணியாற்றும் இளைஞர்களும் அவர்தம் பெற்றோரும் நாகர்கோவிலில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

விடுமுறைக்கு ஊர் வந்தும் விடுமுறையின் மகிழ்ச்சி முகத்தில் இல்லாமல் அமர்ந்திருக்கும் இளந்தோழர்களே!

இக்கூட்டம் எதற்கு என்பதை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. இங்கே வந்திருக்கும் தாய்மாருள் பலர் நாள்தோறும் இரவில் சென்னைக்கோ பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ தொலைபேசியில் பேசுகின்றீர்கள். முன்பெல்லாம் ‘சாப்பிட்டாயா’ என்பது முதற்கேள்வி. இப்போது ‘வேலைக்கு ஒண்ணுமில்லையே மக்களே?’ என்பதே முதற்கேள்வி. அந்தப் பக்கத்திலிருந்து ‘ஒண்ணுமில்லம்மா’ என்று விடை வருகிறது. அந்த விடையை நீங்களும் நம்புவதில்லை. சொல்லுகின்றவனும் நம்பிச் சொல்லுவதில்லை.

இவ்வச்சம் வெறுங்காற்றில் பிறந்ததன்று. 2025 சூலைத் திங்களின் இறுதியில், டாட்டா கன்சல்டன்சி சர்வீசசு என்னும் பெருங்குழுமம் தன் பணியாளருள் இரண்டு விழுக்காட்டினரை, ஏறத்தாழ 12,261 பேரை, அந்நிதியாண்டுக்குள் விடுவிக்கப் போவதாகச் செய்தி வெளிவந்தது. அப்போது அதன் பணியாளர் தொகை 6,13,069. 1968 இல் தோன்றிய குழுமம் அது. ‘டி.சி.எசில் வேலை’ என்றால், பெண் கொடுப்போர் மேற்கொண்டு உசாவாமல் தாம்பூலம் மாற்றிய காலம் ஒன்றிருந்தது. அரசு வேலைக்கு அடுத்த நிலையில் நம் மக்கள் வைத்து எண்ணிய வேலை அதுவே. நடுநிலை, மேல்நிலைப் பணியாளர்க்கே பெரிதும் இடர் என்று சொல்லப்பட்டது. அஃதாவது, பத்துப் பதினைந்தாண்டு உழைத்தவன், வீட்டுக்கடன் வாங்கியவன், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவன் எவனோ, அவனுக்கு.

அதன்பின் நடந்ததைக் கூர்ந்து நோக்குங்கள். குழுமம் 12,261 என்றது. தொழிற்சங்கத்தார் 30,000 வரை போகும் என்றனர். அது தவறான செய்தி என்று குழுமம் மறுத்தது. அக்டோபரில் காலாண்டுக் கணக்கு வெளிவந்தபோது, பணியாளர் தொகை 5,93,314 என்றிருந்தது. மூன்றே திங்களில் 19,755 பேர் குறைந்திருந்தனர். அவருள் நாங்கள் விடுவித்தது ஒரு விழுக்காட்டளவே, ஏறத்தாழ ஆறாயிரம் பேர்; மற்றையோர் தாமாக விலகியவர்கள் என்பது போன்ற விளக்கம் தரப்பட்டது. ஏன் இந்தக் குறைப்பு என்று கேட்டபோது, செயற்கை அறிவு கரணியமன்று, திறன் பொருத்தமின்மையும் பணியில் அமர்த்த இயலாமையுமே கரணியம் என்று தலைமைச் செயல் அலுவலர் கிருத்திவாசன் விளக்கினார்.

நான்கு எண்கள். எது மெய்? நான்கும் அவரவர் கணக்கில் மெய்யாகவே இருக்கலாம். ‘விடுவிக்கப்பட்டவர்’ யார், ‘தாமாக விலகியவர்’ யார் என்று கோடு கிழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர் விரும்பும் எண்ணே கணக்கில் ஏறும். இன்று நான் உங்களிடம் பேச வந்தது அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

அதற்குமுன், புரளி என்பதைப் பற்றி ஒரு சொல். ‘புரளியை நம்பாதீர், பரப்பாதீர்’ என்று அறிவுரை சொல்லுவோர் மிகுதி. குழுமங்களும் அதையே சொல்லுகின்றன. நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். ஊரில் அலர் எழுவது எப்போது? கதவு சாத்தியிருக்கும்போது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவன் சாளரத்து நிழலைப் பார்த்து ஊகிக்கிறான். ஊகித்தவனைக் குற்றஞ்சாட்டுவது எளிது. கதவைத் திறப்பது அரிது. எந்தப் பிரிவில் எத்தனை பேர், எந்த அளவுகோலால், எப்போது என்பதை முன்கூட்டி எழுத்தில் அறிவித்த இடத்தில் புரளிக்கு வேலையில்லை.

இது 2025 இல் புதிதாக முளைத்ததுமன்று. 2014 திசம்பரில் இதே குழுமத்தைப் பற்றி, 25,000 பேரை நீக்கப் போகிறார்கள் என்ற பேச்சு சிறுசேரியிலிருந்து நாடெங்கும் பரவியது. குழுமம் மறுத்தது. அந்நிதியாண்டின் முதல் ஒன்பது திங்களில் விடுவிக்கப்பட்டோர் 2,574 பேரே, மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. 25,000 என்ற எண் பொய்யாகப் போயிற்று என்று சிலர் சிரித்தனர். ஆனால் அப்போது நீக்கத்துக்கு உள்ளானவருள் ஒருவர், சூலுற்றிருந்த ஒரு பெண், சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சென்னை உயர்நயன்மன்றத்துக்குப் போனார். 2015 சனவரியில் அவருடைய பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. பின்னர்க் குழுமமே அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதில் நாம் நுணுகிக் காணவேண்டிய பொருள் ஒன்றுண்டு. அவர் தம் கையால் பணிவிலகல் மடல் எழுதிக் கொடுத்திருந்தால், நீக்கம் என்று ஒன்று இருந்திருக்காது. நீக்கம் இல்லையென்றால் தடுப்பதற்கும் ஒன்றிருந்திருக்காது. வழக்கின் கதவு திறந்தது, நீக்கியவர் கையொப்பம் ஒன்று இருந்ததனால். இளைஞர்களே, இதை மனத்தில் ஆழ்த்திக் கொள்ளுங்கள்.

மென்பொறியாளர் சங்கத்தார் ஆண்டுதோறும் எழுப்பும் குற்றச்சாட்டு இதுதான். ஒருவனை ஓர் அறைக்கு அழைக்கிறார்கள். தொலைபேசியை வெளியே வைக்கச் சொல்லுகிறார்கள். ‘நீயே விலகினால் நல்ல சான்றிதழ் தருவோம், மறுத்தால் நீக்கியதாக எழுதுவோம், பிறகு வேறெங்கும் வேலை கிடைக்காது’ என்கிறார்கள். அரைமணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அவன் ஏற்கெனவே மூன்று திங்களாகத் தூங்கவில்லை. ஆள்குறைப்பு வருகிறது, வருகிறது என்ற பேச்சிலேயே பாதி உயிர் போய்விட்டது. கையொப்பமிட்டு விடுகிறான். எல்லாக் குழுமமும் இப்படிச் செய்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. குழுமங்கள் இதை மறுக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கதையைத் தம் உறவில் ஒருமுறையேனும் கேளாதவர் இக்கூட்டத்தில் இருந்தால் கையுயர்த்துங்கள் பார்ப்போம்.

ஒருவரும் உயர்த்தவில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆள்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு, ஓராண்டேனும் தொடர்ந்து பணி செய்திருந்தால், ஒரு திங்கள் முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளமும், முடித்த ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடாகவும் தரவேண்டும் என்றது. முன்னறிவிப்பில் கரணியம் எழுதப்பட வேண்டும். ஒரே வகைப் பணியில் கடைசியில் வந்தவரே முதலில் போகவேண்டும். மாற்றினால் ஏன் என்று சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2020 ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. மேற்சொன்ன அடிப்படைகள் அதிலும் உள்ளன. நீக்கப்பட்டவர் புதுத்தொழில் பயில, அவருடைய பதினைந்து நாள் சம்பளத்தளவு தொகையை முதலாளி செலுத்த வேண்டும் என்றும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேரவேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு புதிதாக உண்டு. ஐந்தாண்டு பணி முடித்தவர்க்குப் பணிக்கொடை தனி; அதை எவரும் அருளாகத் தருவதில்லை.

ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் குறைத்த இடமும் உண்டு. நூறு பேரேனும் வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆள் குறைக்க அரசின் முன்னிசைவு வேண்டும் என்பது பழைய நெறி. புதிய தொகுப்பு அந்த நூற்றை முந்நூறு ஆக்கிவிட்டது. மென்பொருள் அலுவலகமோ ஆலையுமன்று, சுரங்கமுமன்று, தோட்டமுமன்று. ஆறு நூறாயிரம் பேர் வேலை செய்தாலும் அந்த முன்னிசைவுக் காப்பு அதற்குப் பொருந்துவதில்லை. இவ்விடத்தில்தான் நம் பிள்ளைகள் குடையில்லாமல் மழையில் நிற்கிறார்கள்.

‘நான் பொறியாளன், நான் எப்படித் தொழிலாளி ஆவேன்?’ என்று கேட்கும் இளைஞர் இன்றும் உளர். கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதால் தாம் ஆளும் இனம் என்ற மயக்கம்! தம்பி, பதவிப் பெயரில் ‘மேலாளர்’ என்று எழுதியிருந்தால் மட்டும் நீ மேலாளன் ஆகிவிட மாட்டாய். உண்மையில் நீ செய்யும் வேலை என்ன, உனக்குக் கீழே ஆளை நியமிக்கவும் நீக்கவும் உனக்கு உரிமை உண்டா என்பதையே மன்றங்கள் பார்க்கும். உன்னைக் கேளாமல் உன்னை நீக்க முடியும் என்றால், நீ எந்தப் பக்கம் என்பது விளங்கவில்லையா?

நம் மாவட்டத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு. கீரிப்பாறை, மயிலாறு, சிற்றாறு, கோதையாறு என்று மலையடிவாரம் நெடுகக் கிடக்கும் அரசு இரப்பர்த் தோட்டங்களை நீங்கள் அறிவீர்கள். 1984 இல் தோன்றிய அரசு இரப்பர்க் கழகம் அது. தலைமையகம் இந்த நாகர்கோவிலில். இலங்கையிலிருந்து ஒப்பந்தத்தால் பெயர்த்தெறியப்பட்டுத் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும் அங்கே பால்வெட்டும் தொழிலுக்கு வந்தனர். தலைமுறை தலைமுறையாய்த் தம் உழைப்பால் தழைத்த மண்ணில் ‘நீ இங்கே வேண்டாதவன்’ என்ற சொல்லைக் கேட்டவர்கள் அவர்கள். வேலையிழப்பின் அச்சம் என்னவென்று அவர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டுவதில்லை.

அங்கும் ‘மூடப்போகிறார்களாம்’ என்ற பேச்சு எழுவதுண்டு. இரப்பர் விலை 2011 இல் ஒரு கிலோ 240 உரூபாவைத் தொட்டு, 2016 தொடக்கத்தில் நூற்றுக்கும் கீழே விழுந்ததை இங்குள்ள சிறுதோட்டக்காரரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 இல், நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் 2,152 எக்டேரை வனத்துறைக்குத் திருப்ப ஆணை பிறந்தது. அங்கே தேயிலை பறித்தவர்களும் தாயகம் திரும்பிய தமிழரே. அங்கே தீப்பிடித்தால் இங்கே புகை வராதா?

ஆனால் அந்தப் பேச்சு வந்தபோது பால்வெட்டும் தொழிலாளி என்ன செய்கிறான்? விடியுமுன் கத்தியும் வாளியுமாய்த் தோட்டத்துக்குப் போகிறவன், பால் அளக்கும் இடத்தில் பத்துப்பேரோடு நிற்கிறான். ஒருவன் காதில் விழுந்தது ஐந்து நிமையத்தில் அனைவர் காதிலும் விழுகிறது. அன்று மாலையே சங்கக் கொட்டகையில் கூடுகிறார்கள். கிழமை முடியுமுன் அலுவலகத்தின் முன் நிற்கிறார்கள். ‘மூடுவீர்களா, மாட்டீர்களா, எழுத்தில் சொல்லுங்கள்’ என்கிறார்கள். பெரும்படிப்புப் படிக்காதவன் கேட்கும் கேள்வி இது! எல்லா நேரமும் வெல்லுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். கூலிக்காகப் பலநாள் பட்டினி கிடந்தும் கைப்பொருளின்றித் திரும்பியது உண்டு. ஆயினும் அவருள் எவனும் தனியறையில் அரைமணி நேரத்தில் தன் தலையெழுத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததில்லை.

நம் படித்த பிள்ளை என்ன செய்கிறான்? பக்கத்து மேசைக்காரனிடம் வாய் திறப்பதில்லை. அவன் போட்டியாளன் அல்லவா! வாடகை அறையில் உடன் தங்கியிருப்பவனிடமும் சொல்லுவதில்லை. பெயர் மறைத்து எங்கோ முகமறியாதவரோடு புலம்புகிறான். வேலைப்பங்கீடு கிடைக்காமல் காத்திருப்பதை அவர்கள் ‘பெஞ்சில் இருப்பது’ என்கிறார்கள். 2025 சூனில் அதே குழுமம், ஓராண்டில் 225 நாள் வருவாய் தரும் பணியில் இருக்கவேண்டும், காத்திருப்பு 35 நாளைத் தாண்டலாகாது என்று நெறி வகுத்தது. வேலையைக் கொணர்ந்து தரும் பொறுப்பு யாருடையது? பணியாளனுடையதா, குழுமத்தினுடையதா? ஒருவனுக்கு வேலை ஒதுக்காமலே அவன் வேலை செய்யவில்லை என்று கணக்கெழுதும் முறையை நம் நாஞ்சில் வயல்களில் எந்தப் பண்ணையாரும் கண்டுபிடித்ததில்லை!

அடுத்தது வீடு. இதைச் சொன்னால் பெற்றோர் சிலர்க்கு வருத்தம் வரும், வரட்டும்.

2011 குடிக்கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்றது நம் மாவட்டம்: 91.75 விழுக்காடு. பெருமைதான். அந்தப் பெருமைக்கு நாம் கொடுத்த விலை என்ன? கோட்டைக் கணக்கில் விதைப்பாடு வைத்திருந்த குடும்பங்கள் வயலை விற்றுப் பொறியியற் கல்லூரிக்குக் கட்டின. வயலிருந்த இடத்தில் மனைக்கல் நிற்கிறது. முன்பு வேலையிழந்து திரும்பியவன் இரண்டு பூ நெல்லை நம்பி இருந்தான். இன்று திரும்புவதற்கு வயல் இல்லை. நகை விற்றவர், கடன் வாங்கியவர், ‘எங்கள் பையன் பெரிய குழுமத்தில்’ என்று மண்டபத்தில் சொல்லிப் பெண் கேட்டவர், அனைவரும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் தோளில் ஏறி அமர்ந்திருக்கிறோம். அவன் எப்படி உண்மை சொல்லுவான்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகன் வேலையிழந்து நான்கு திங்கள் ஆகியும் பெற்றோர்க்குத் தெரியாது. கையிருப்பிலிருந்தும் நண்பரிடம் வாங்கியும் திங்கள்தோறும் வழக்கமான நாளில் வழக்கமான தொகையை அனுப்பிக் கொண்டிருந்தான். தந்தை அந்தப் பணத்தில் மாடிக்குச் சுண்ணம் அடித்துக் கொண்டிருந்தார். பின்னர்த் தெரிந்தபோது அவர் முதலில் கேட்டது, ‘ஊரில் என்ன சொல்லுவார்கள்?’ என்பது. மகன் எப்படிச் சாப்பிட்டான் என்று கேட்டவள் தாய் ஒருத்தியே.

வேலை போவது ஒழுக்கக்கேடு அன்று. மழை பொய்த்துக் கதிர் கருகினால் உழவனை ‘இழிந்தவன்’ என்றா சொல்லுகிறோம்? நோக்கியா ஆலையைப் பாருங்கள். 2006 இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய அந்த ஆலையில், தென்மாவட்டப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! வரித்தகராற்றால் அந்த ஆலை மைக்ரோசாப்டு கைக்குப் போகாமல் நின்றது. 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றே போயிற்று. அப்பெண்களின் கையில் திறமை குறைந்தா ஆலை மூடியது? எங்கோ இருவர் செய்த வணிகத்தில், எங்கோ எழுந்த வழக்கில், இங்கே ஓர் இளம்பெண்ணின் வாழ்வு கவிழ்ந்தது. அதை அவள் தன் குற்றமாக எண்ணித் தலைகுனிய வேண்டுமா?

இன்னும் ஒன்று. பிள்ளைகளின் பணியமர்த்த மடலைப் படித்துப் பார்த்த பெற்றோர் எத்தனை பேர்? படிக்க முடியாது, ஏனெனில் அது உங்கள் மொழியில் இல்லை. ஆங்கிலம் படித்த மகனும் அதை முழுமையாகப் படித்ததில்லை. சேரும் மகிழ்ச்சியில் பக்கந்தோறும் கையொப்பமிட்டான். நீக்குவதைக்கூட ‘நீக்கம்’ என்று அவர்கள் சொல்லுவதில்லை. ‘விடுவிப்பு’ என்றும், ‘சீரமைப்பு’ என்றும், ‘எதிர்காலத்துக்கு அணியமாதல்’ என்றும் பொருள்படும் மெத்தென்ற ஆங்கிலச் சொற்கள் அவை. ‘உன்னை வேலையைவிட்டு அனுப்புகிறோம்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எழுதியவனுக்கே கை நடுங்கும். படித்தவன் உடனே ‘ஏன்?’ என்று கேட்பான். தமிழ்நாட்டு மண்ணில் தமிழனை அமர்த்தும் தாளும் நீக்கும் தாளும் தமிழிலும் இருக்கவேண்டும் என்று நாம் கேட்பது வெறும் மொழிப்பற்று அன்று, அது பிழைப்பு.

மென்பொறியாளர் ஒன்றுகூட மாட்டார்கள் என்று சொல்லுவோர்க்கு விடை நம் அண்மை வரலாற்றிலேயே இருக்கிறது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஈழத்தில் நம் உறவுகள் மடிந்துகொண்டிருந்தபோது, சென்னைக் கணினி அலுவலகங்களிலிருந்து இளைஞர்கள் அணியணியாய் வந்து சாலையோரம் நின்றனர். அவ்வாறு கூடிக்கற்றவர்களிடமிருந்தே பின்னர்க் கணினிப் பணியாளர்க்கான மன்றம் ஒன்று உருவாகி, 2014 இன் ஆள்குறைப்பின்போது முன்னின்றது. 2016 இல் தமிழ்நாட்டு அரசு, மென்பொருள் துறையினரும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டம் அவர்க்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. உரிமை வந்து பத்தாண்டளவு ஆகிறது. சங்கத்தில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று இங்குள்ள இளைஞரைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆகவே கேட்கவில்லை.

எனவே செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொல்லி அமர்கிறேன். அறைக்கு அழைத்தால், ‘சொல்லுவதை மின்மடலில் எழுதி அனுப்புங்கள், வீட்டாரையும் வழக்குரைஞரையும் கலந்து விடை தருகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அங்கேயே கையொப்பமிடாதீர்கள். சம்பளச் சீட்டு, பணியமர்த்த மடல், ஆண்டுதோறும் வந்த மதிப்பீடு ஆகியவற்றின் படிகளை இன்றே உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கும் நாளில் கணினிக் கதவு முதலில் சாத்தப்படும். மிரட்டிக் கையொப்பம் வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றைக்கே ‘இது என் விருப்பத்தால் எழுதியதன்று’ என்று மின்மடல் விடுங்கள். மறுநாள் என்று தள்ளாதீர்கள். பணியிடம் எந்த மாவட்டமோ அந்த மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடுங்கள். தனியே போகாதீர்கள், இருவராகப் போங்கள்.

பெற்றோர்களே, இன்றிரவு தொலைபேசியில் ‘வேலைக்கு ஒண்ணுமில்லையே’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே ‘இல்லை’ என்ற விடை ஒளிந்திருக்கிறது. ‘போனால் போகட்டும், வீட்டுக்கு வா, பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொல்லக் கேட்டவன் அந்த அறையில் அரைமணி நேரத்தில் மடங்கமாட்டான்.

எனக்கடுத்து வழக்குரைஞர் நண்பர் பேசுகிறார். பணியமர்த்த மடலைக் கொண்டுவந்திருப்போர் இடப்பக்க மேசைக்கு வாருங்கள். ஒவ்வொரு தொடராகத் தமிழில் படித்துச் சொல்ல மூன்று இளைஞர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். கொண்டுவராதோர் அடுத்த ஞாயிறு இதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.